1976–79 ராக்: உங்கள் முதல் பத்து எவை? (முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்)

#1 மூன்றாம்தந்தி

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடந்த வேலை ஒன்றை இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்தேன். 1976 ஜனவரி முதல் 1979 டிசம்பர் வரை வெளிவந்த ராக் பாடல்களில் எனக்குப் பிடித்த பத்தை வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஒரு குழுவுக்கு ஒரு பாட்டுதான். 1975 இறுதியில் வந்தது என்றாலும் சேர்த்தி இல்லை.

1. ஹீரோஸ் – டேவிட் போவி (1977)
2. சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங் – டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் (1978)
3. கம்ஃபர்டப்ளி நம் – பிங்க் ஃப்ளாய்ட் (1979)
4. லண்டன் காலிங் – தி கிளாஷ் (1979)
5. மோர் தேன் எ ஃபீலிங் – பாஸ்டன் (1976)
6. ஹோட்டல் கலிஃபோர்னியா – ஈகிள்ஸ் (1976)
7. வீ வில் ராக் யூ – குயீன் (1977)
8. மார்க்கீ மூன் – டெலிவிஷன் (1977)
9. தி பாய்ஸ் ஆர் பேக் இன் டவுன் – தின் லிஸ்ஸி (1976)
10. ஹைவே டு ஹெல் – ஏசி/டிசி (1979)

முதலிடத்துக்கு மட்டும் காரணம் சொல்லிவிடுகிறேன். ஹீரோஸ் பதிவானது மேற்கு பெர்லினில், ஹன்சா ஸ்டூடியோவின் பெரிய கூடத்தில். அங்கிருந்து பார்த்தால் பெர்லின் சுவர் தெரியும், காவல் கோபுரம் தெரியும். எல்லா இசையும் பதிவாகி முடிந்தபோது போவியின் குரலுக்கு டேப்பில் ஒரே ஒரு ட்ராக்தான் (தனி ஒலிப்பாதை) மிச்சம் இருந்தது. தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி மூன்று மைக் வைத்தார். ஒன்று போவியின் வாயிலிருந்து 9 அங்குலத்தில், அடுத்தது 20 அடி தள்ளி, மூன்றாவது 50 அடி தள்ளி. தூரத்து மைக் இரண்டும் அவர் குரலை உயர்த்தினால் மட்டும் திறக்கும்படி அமைத்திருந்தார். பாட்டின் தொடக்கத்தில் போவி நம் காதோரம் பேசுகிறார். கடைசி இரண்டு நிமிடத்தில் கத்துகிறார், அப்போது அந்தக் கூடம் முழுக்கத் திறந்துகொள்கிறது. அந்த எதிரொலி இயந்திரம் போட்டது இல்லை, அந்தக் கட்டடத்தின் ஒலிதான்.

ராபர்ட் ஃபிரிப் வாசித்த கிட்டார் இன்னொரு அதிசயம். ஒவ்வொரு ஸ்வரமும் ஃபீட்பேக்காக (ஆம்ப்ளிஃபையரின் ஒலி கிட்டாருக்கே திரும்பி வந்து) நீண்டு ஒலிக்க ஆம்ப்ளிஃபையரிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளந்து வைத்துக்கொண்டு, முன்னும் பின்னுமாக நகர்ந்தே வாசித்திருக்கிறார். பாட்டு முழுக்க அழுகைபோல ஓடும் அந்த ஒலி அப்படி வந்ததுதான்.

அப்போது இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் இதற்கு 24-ஆம் இடம்தான் கிடைத்தது. சரி, உங்கள் வரிசையைப் போடுங்கள்.

#2 தெற்குவாசல்

போஹீமியன் ராப்சடி இல்லாமல் குயீனா? லெட் செப்பலினின் காஷ்மீர்? பிங்க் ஃப்ளாய்டின் விஷ் யூ வேர் ஹியர்?

#3 மூன்றாம்தந்தி

மூன்றும் 1975, நண்பரே. எனக்கும் வருத்தம்தான். போஹீமியன் ராப்சடி 1976 ஜனவரியிலும் இங்கிலாந்தில் முதலிடத்தில் இருந்தது, ஆனால் சிங்கிள் (பாட்டைத் தனியாக விற்கும் தட்டு) வெளியானது 1975 அக்டோபரில். அதை விட்டால் விதிக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

#4 பேஸ்தாளம்

அண்ணா, வரிசை நன்றாக இருக்கிறது. ஆனால் ஃப்ளீட்வுட் மேக் எங்கே? 1977-ஐப் பற்றிப் பேசிக்கொண்டு ரூமர்ஸ் ஆல்பத்தை எப்படி விட முடிந்தது?

என் முதலிடம் தி செயின். பேஸ் (கீழ்ஸ்தாயிக் கிட்டார்) வாசிக்கிறவன் என்பதால் மட்டும் சொல்லவில்லை. அந்த ஆல்பத்தில் ஐந்து பேரும் சேர்ந்து எழுதியதாகப் பெயர் போட்டிருப்பது இந்த ஒரு பாட்டுக்குத்தான். அப்போது அந்தக் குழுவின் நிலை எல்லோருக்கும் தெரியும். ஜான் மெக்வீயும் கிறிஸ்டீன் மெக்வீயும் மணவிலக்குப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். லிண்ட்சி பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும் பிரிந்துவிட்டார்கள். ஆனாலும் தினமும் ஒரே ஸ்டூடியோவுக்கு வந்து, ஒருவரைப் பற்றி மற்றவர் எழுதிய பாட்டுக்கு அவரையே கூடப் பாட வைத்தார்கள்.

தி செயின் ஒரே மூச்சில் உருவானது இல்லை. கிறிஸ்டீன் எழுதிப் பாதியில் கிடந்த ஒரு பாட்டின் கடைசிப் பகுதியை வைத்துக்கொண்டு, முன்பகுதியை வேறாகச் செய்து, டேப்பை வெட்டி ஒட்டிச் சேர்த்தார்கள். மூன்று நிமிடம் ஆனதும் எல்லாம் அடங்கி, ஜான் மெக்வீயின் பேஸ் மட்டும் தனியாக வருகிறதே, அந்த இடம்தான் ஒட்டு. பத்தே ஸ்வரம். எனக்கு முதலில் கைக்கு வந்த பேஸ் வரி அது. இப்போதும் மேடையில் அந்த இடம் வரும்போது கை குளிர்ந்துபோகும். பிபிசி தன் கார்ப் பந்தய நிகழ்ச்சிக்கு வருடக்கணக்கில் அந்தப் பகுதியைத்தான் முகப்பு இசையாக வைத்திருந்தது. அதனால் பாட்டின் பெயரே தெரியாதவர்களுக்கும் அந்தப் பத்து ஸ்வரம் தெரியும்.

#5 கறுப்புத்தட்டு

மூன்றாம்தந்தி பட்டியலில் ஐந்தாறு நிமிடப் பாட்டுகளாகவே இருக்கின்றன. 1976-இல் ரமோன்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தை ஒரே வாரத்தில் பதிவு செய்தார்கள். மொத்தச் செலவு 6,400 டாலர். 14 பாட்டு, எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட வராது. பிளிட்ஸ்க்ரீக் பாப் 2 நிமிடம் 12 விநாடி. எதை அதில் சேர்க்க முடியும், எதை எடுக்க முடியும்? எனக்கு அதுதான் முதலிடம்.

இரண்டாவது செக்ஸ் பிஸ்டல்ஸின் காட் சேவ் த குயீன். 1977-இல் அரசியின் வெள்ளிவிழாக் கொண்டாட்டத்துக்கு நடுவில் வந்தது. பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. அப்படியும் இரண்டாம் இடம் வரை போனது. வேலையில்லாமல் தெருவில் நின்ற பையன்களிடம் வேறு யாரும் அன்று பேசவில்லை, இவர்கள் பேசினார்கள். சோலோ (தனி வாசிப்பு) எத்தனை நிமிடம், எத்தனை ட்ராக் என்பதெல்லாம் அந்தப் பையன்களுக்கு எதற்கு?

லண்டன் காலிங்கை நான்காவதாக வைத்ததற்கு நன்றி. அதை மூன்றாவதாக வைக்கிறேன்.

#6 தெற்குவாசல்

லண்டன் காலிங் 1980 இல்லையா? ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அந்த ஆல்பத்தை எண்பதுகளின் சிறந்த ஆல்பமாகத்தானே தேர்ந்தெடுத்தது?

#7 கறுப்புத்தட்டு

அமெரிக்காவில் 1980 ஜனவரியில் வந்தது, அதனால் அவர்கள் அப்படிச் சேர்த்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் 1979 டிசம்பரிலேயே வந்துவிட்டது. பாட்டே 1979-இன் பயத்தைத்தான் பேசுகிறது. அந்த மார்ச்சில் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுஉலை விபத்து நடந்தது, கிளாஷின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் அதை மனதில் வைத்துத்தான் எழுதினார். தலைப்பு, போர்க்காலத்தில் பிபிசி வெளிநாட்டு ஒலிபரப்பைத் தொடங்கும்போது சொன்ன வார்த்தை. பாட்டு முடியும் இடத்தில் மிக் ஜோன்ஸின் கிட்டாரிலிருந்து தந்திக் குறியீடு மாதிரி ஒரு ஒலி துடிக்கிறதே, அது ஆபத்து என்று உதவி கேட்கும் எஸ்ஓஎஸ்.

#8 மூன்றாம்தந்தி

பாருங்கள், நீங்களும் பாட்டின் கடைசிப் பத்து விநாடியைத்தான் சொல்கிறீர்கள்!

இன்னொன்று. லண்டனில் ஹைபரி பக்கம் வெசெக்ஸ் என்று ஒரு ஸ்டூடியோ இருந்தது, முன்பு தேவாலயக் கூடமாக இருந்த கட்டடம். செக்ஸ் பிஸ்டல்ஸ் தங்கள் ஆல்பத்தைப் பதிவு செய்தது அங்கேதான். குயீன் வீ வில் ராக் யூ பதிவு செய்ததும் அங்கேதான், அதுவும் அதே 1977-இல். இரண்டு வருடம் கழித்து கிளாஷ் லண்டன் காலிங்குக்காக நுழைந்ததும் அதே கூடத்துக்குள். பெரிய குழு, பங்க் (ரமோன்ஸ், பிஸ்டல்ஸ், கிளாஷ் வகை ராக்) என்று நாம் இங்கே சண்டை போடுகிறோம், அவர்கள் ஒரே நடைவழியில் எதிரும் புதிருமாக நடந்திருக்கிறார்கள்.

வீ வில் ராக் யூ-வை ஏழாவதாக வைத்தேனே தவிர, அதை யோசித்த விதம் எனக்குப் பெரிய ஆச்சரியம். டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது. ஸ்டூடியோவில் கிடந்த பழைய பலகைகளின் மேல் நின்று எல்லோரும் காலால் மிதித்தார்கள், கை தட்டினார்கள். குயீனின் கிட்டார்க்காரர் பிரையன் மே இயற்பியல் படித்தவர். ஒரே மிதியைப் பல முறை பதிவு செய்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு கால இடைவெளியில் தள்ளிவைத்தார். அந்த இடைவெளிகளைப் பகா எண்களின் விகிதத்தில் வைத்ததால், எதிரொலி என்று காது கண்டுபிடிப்பதில்லை. ஆயிரம் பேர் வெவ்வேறு தூரத்தில் நின்று மிதிப்பதாக நினைத்துக்கொள்கிறது. கிட்டார் வருவது கடைசி அரை நிமிடத்தில் மட்டும். பாட்டு மொத்தமே 2 நிமிடம், கறுப்புத்தட்டு நண்பர் கவனிக்க.

#9 நிலாமுற்றம்

இதுவரை வந்த பதிவுகளில் ஸ்டீவி நிக்ஸையும் கிறிஸ்டீன் மெக்வீயையும் தவிர ஒரு பெண் பெயர் இல்லை. அவர்களும் மணமுறிவுக் கதைக்குள்தான் வருகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது, ஏனென்றால் இந்த நான்கு வருடங்கள்தான் ராக்கில் பெண்கள் தங்கள் சொந்தக் குரலில் பாட வாசல் திறந்த வருடங்கள்.

1978-இல் கேட் புஷ் வுதரிங் ஹைட்ஸ் பாடியபோது வயது 19. தானே எழுதிய பாட்டோடு இங்கிலாந்தில் முதலிடம் பிடித்த முதல் பெண் அவர்தான். அதற்கு முன் அங்கே முதலிடம் பிடித்த பெண்கள் பலர் இருந்தார்கள், பாட்டு வேறு யாராவது எழுதியதாக இருந்தது.

ஆனால் என் முதலிடம் பாடகி பாட்டி (Patti) ஸ்மித்தின் பிகாஸ் த நைட், அதே 1978. ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் ஆல்பத்துக்காகத் தொடங்கிய பாட்டு, பல்லவி கிடைத்துவிட்டது, மேலே போக முடியவில்லை. இசைத் தயாரிப்பாளர் ஜிம்மி அயோவீன் அப்போது இரண்டு பேருடனும் வேலை செய்துகொண்டிருந்தார். அரைகுறை டேப்பை வாங்கி வந்து பாட்டி ஸ்மித்திடம் கொடுத்தார். அவர் அதைப் போட்டுக் கேட்காமலே வைத்திருந்தார். ஒருநாள் இரவு, தூரத்து ஊரில் இருந்த காதலர் ஃபிரெட் ஸ்மித் தொலைபேசியில் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது, அழைப்பு வரவில்லை. பொறுக்க முடியாமல் அந்த டேப்பைப் போட்டார். அழைப்பு வருவதற்குள் சரணங்கள் எழுதி முடிந்துவிட்டன.

இதைத் தெரிந்துகொண்டு அந்த முதல் சரணத்தைக் கேட்டுப் பாருங்கள். குரல் முதலில் அடங்கியிருக்கிறது, ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம் ஏறுகிறது. காத்திருந்தவளின் மூச்சு அது. பல்லவி ஸ்பிரிங்ஸ்டீனுடையதாக இருக்கலாம், அந்த மூச்சு இவருடையது. ஸ்பிரிங்ஸ்டீன் பாடிய பதிவும் பிற்காலத்தில் கிடைத்தது. கேட்டேன். நல்ல பாட்டு, அவ்வளவுதான்.

பத்தில் மற்ற இடங்கள்: 2 ட்ரீம்ஸ் (ஃப்ளீட்வுட் மேக்), 3 ஹார்ட் ஆஃப் கிளாஸ் (பிளாண்டி), 4 வுதரிங் ஹைட்ஸ். மீதி ஆறும் உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

#10 மூன்றாம்தந்தி

நீங்கள் சொல்வது நியாயம், நிலாமுற்றம். பிகாஸ் த நைட்டை இவ்வளவு நாள் ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டு என்ற எண்ணத்தோடுதான் கேட்டுவந்திருக்கிறேன், அதனால்தான் பட்டியலில் வரவில்லை என்று இப்போது புரிகிறது. இன்று இரவு மறுபடி கேட்கிறேன்.

#11 ஒலிநாடா

தம்பிகளுக்கும் தங்கைக்கும் வணக்கம். நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஹோட்டல் கலிஃபோர்னியாவை ஆறாம் இடத்தில் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1984-இல் திருநெல்வேலியில் கல்லூரியில் படித்தேன். அப்போதெல்லாம் பாட்டு வேண்டுமென்றால் ரெக்கார்டிங் கடைக்குப் போக வேண்டும். ஒரு தாளில் பாட்டுகளை எழுதி, 60 நிமிட காலி கேசட்டோடு கொடுத்தால், நான்கைந்து நாளில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். எங்கள் விடுதி சீனியர் ஒருவர் சொல்லித்தான் ஹோட்டல் கலிஃபோர்னியாவை எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் அதை முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டாகப் பதிந்துவிட்டார். ஆறரை நிமிடப் பாட்டு. டேப்பில் அவ்வளவு இடம் இல்லை. டான் ஹென்லி பாடி முடிக்கிறார், டான் ஃபெல்டரின் கிட்டார் தொடங்குகிறது, ஜோ வால்ஷ் அதற்குப் பதில் சொல்கிறார், இவர் ஒன்று, அவர் ஒன்று என்று மாறி மாறிப் போகும்போது, டக்கென்று கேசட் நின்றுவிடும். பிளேயரின் பொத்தான் எழும்பும் சத்தம்தான் எனக்கு அந்தப் பாட்டின் கடைசி ஸ்வரம்.

பதினோரு வருடம் அப்படியே கேட்டேன். பாட்டு அவ்வளவுதான் என்று நினைத்தேன். 1995-இல் நண்பன் வீட்டில் சிடி போட்டான். பேசிக்கொண்டே இருந்தோம். அந்த இடம் வந்தது. நின்றுவிடும் என்று என் காது தயாராக இருந்தது. நிற்கவில்லை. அதுவரை தனித்தனியாகப் பேசிக்கொண்டிருந்த இரண்டு கிட்டாரும் ஒன்றாகச் சேர்ந்து, தோளோடு தோள் உரசிக்கொண்டு படி இறங்குவதுபோல இறங்க ஆரம்பித்தன. ஒருமுறை இறங்கி, மறுபடி மேலே வந்து, மறுபடி இறங்கி. பேச்சை நிறுத்திவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நண்பன் பயந்து என்ன ஆயிற்று என்று கேட்டான். இந்தப் பாட்டு எனக்கு இன்றைக்குத்தான் முடிந்தது என்று சொன்னேன்.

அந்த வாசிப்பு தற்செயலாக வந்ததும் இல்லை. ஃபெல்டர் மாலிபு கடற்கரை வீட்டில் இருந்தபோது, தனியாக டெமோ (மாதிரிப் பதிவு) பதிவு செய்திருந்தார். இரண்டு கிட்டார் பகுதியையும் அவரே வாசித்திருந்தார். வருடம் கழித்து மயாமி ஸ்டூடியோவில் பதிவுக்கு உட்கார்ந்தபோது, வால்ஷும் அவரும் புதிதாக ஏதோ வாசிக்கத் தொடங்கினார்கள். ஹென்லி நிறுத்தச் சொன்னார். டெமோவில் இருந்தது அப்படியே வேண்டும் என்றார். டெமோ கேசட்டோ கலிஃபோர்னியாவில் வீட்டில் இருக்கிறது. ஃபெல்டர் வீட்டு வேலைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, கேசட்டைத் தேடியெடுத்து, பிளேயரில் போட்டு, தொலைபேசி பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். மயாமியில் அதைக் கேட்டு, தான் வாசித்ததைத் தானே மறுபடி கற்றுக்கொண்டார்.

என் பட்டியலில் பத்து இல்லை. ஒன்றுதான்.

#12 பேஸ்தாளம்

ஐயா, இதைப் படித்துவிட்டு அலுவலகத்திலேயே ஹெட்ஃபோன் போட்டு அந்தக் கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் மூன்று முறை கேட்டேன். நான் இதைக் கல்லூரிக் கலைவிழாக்களில் எத்தனையோ குழுக்கள் வாசித்துக் கேட்டுச் சலித்துப்போயிருந்தேன். இப்போதுதான் இரண்டு கிட்டாருக்கும் நடுவில் பேஸ் என்ன செய்கிறது என்று கவனித்தேன். ராண்டி மைஸ்னர் முழு அழுத்தத்தோடு தாளத்தில் அடிப்பதில்லை, இடைவெளி விட்டு விட்டு ஜமைக்காவின் ரெகே இசை மாதிரி வாசிக்கிறார். பாட்டுக்குப் பெயர் வைப்பதற்கு முன் மெக்சிகன் ரெகே என்றுதான் அழைத்தார்களாம். மேலே இரண்டு பேர் இறங்க இடம் இருப்பது, கீழே இவர் இடம் விட்டதால்தான்.

#13 மூன்றாம்தந்தி

ஒலிநாடா ஐயா, நீங்கள் எழுதியதுக்கு முதலில் நன்றி. ஹோட்டல் கலிஃபோர்னியாவை ஆறாவதாக வைத்தது அது எங்கும் ஒலிப்பதால்தான். அது பாட்டின் குற்றம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் கேசட் கதை இன்னொன்றை நினைவூட்டியது. அந்தக் காலத்தில் பாட்டை வெட்டியது ரெக்கார்டிங் கடைக்காரர் மட்டும் இல்லை. இசை நிறுவனங்களே வெட்டின. ஆறு நிமிட ஹீரோஸை மூன்றரை நிமிடமாக்கித்தான் சிங்கிள் விட்டார்கள். போவி அடக்கிப் பாடும் ஆரம்பப் பகுதி அதில் பெரும்பாலும் போய்விட்டது. நான் மேலே எழுதினேனே, காதோரம் தொடங்கி ஐம்பது அடி தூரம் வரை போகும் குரல் என்று, சிங்கிள் வாங்கியவர்களுக்கு அந்தக் காதோரமே கிடைக்கவில்லை. 24-ஆம் இடம் வந்ததில் இதற்குப் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட்டின் டோண்ட் ஃபியர் த ரீப்பர் (1976) சிங்கிளில் நடுவில் இருக்கும் கிட்டார்ப் பகுதியையே எடுத்துவிட்டார்கள்.

என் பட்டியலில் எட்டாவதாக இருக்கும் மார்க்கீ மூன் கதையும் இதுதான். டெலிவிஷன் நியூயார்க்கில் அதை ஒரே டேக்கில் வாசித்தார்கள். டிரம்மர் பில்லி ஃபிக்கா அதை ஒத்திகை என்று நினைத்துக்கொண்டு வாசித்தாராம். 1977-இல் வந்த இசைத்தட்டில் பத்து நிமிடத்துக்குச் சற்று முன்னால் ஒலியைத் தேய்த்து முடித்துவிட்டார்கள். 2003-இல் மறுவெளியீடு வந்தபோதுதான் முழுசும் கிடைத்தது, 10 நிமிடம் 40 விநாடி.

அதனால் ஒரு விதி சேர்க்கிறேன்: சிங்கிளுக்காக வெட்டியதைக் கேட்டு இடம் கொடுக்கக் கூடாது. தலைப்பிலும் மாற்றிவிட்டேன்.

#14 கறுப்புத்தட்டு

விதி சரி. பிளிட்ஸ்க்ரீக் பாப்பை யாரும் வெட்டவில்லை, வெட்டவும் தேவைப்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒலிநாடா ஐயாவுக்கு ஒரு வார்த்தை. ஈகிள்ஸை எனக்குப் பிடிக்காது. ஆனால் உங்கள் பதிவைப் படித்தபின் அதைத் திட்டி எழுதி வைத்திருந்த பத்தியை அழித்துவிட்டேன்.

#15 மேப்பிள்இலை

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். ஆர் எழுதினாலும் றஷ் குழுவைப் பற்றி ஒரு சொல் இல்லையே என்று பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கட ஊர்க்காரர்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இறங்கியது 1989-இல். இரவு வேலை ஒரு தொழிற்சாலையில். எனக்கு அப்போது ஆங்கிலம் கதைக்க வராது, பக்கத்தில் நிற்பவர்கள் பகிடி விட்டாலும் விளங்காது. வேலைத்தலத்தில் ஒரு றேடியோ விடிய விடியப் பாடும், எல்லாம் பழைய றொக் பாட்டுகள். சொற்கள் விளங்காததால் எல்லாப் பாட்டும் எனக்குப் பூட்டிய கதவுதான். ஒருநாள் ஒரு பாட்டு தொடங்கியது. தனிக் கிற்றார், பிறகு ட்ரம்ஸ், பிறகு எங்கெங்கோ போகிறது, ஒன்பது நிமிடம் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாடலே இல்லாத பாட்டு. அங்கே நின்ற எல்லோரும் எவ்வளவு விளங்கிக்கொண்டார்களோ, அவ்வளவு நானும் விளங்கிக்கொண்டேன். என்ன பாட்டு என்று கையால் சைகை காட்டிக் கேட்டேன். மேற்பார்வையாளர் ஒரு அட்டைத் துண்டில் எழுதித் தந்தார்: லா வில்லா ஸ்ட்ராஞ்சியாட்டோ. 1978, ஹெமிஸ்பியர்ஸ் அல்பம்.

றஷ்ஷில் கிற்றார் வாசித்த அலெக்ஸ் லைஃப்சன் கண்ட கெட்ட கனவுகளை வைத்துச் செய்த இசை அது, பன்னிரண்டு பகுதி. வேல்ஸில் இருந்த றொக்ஃபீல்ட் ஸ்ரூடியோவில் இதை ஒரே மூச்சில் வாசித்துப் பதிய வேண்டும் என்று மூன்று பேரும் நாட்கணக்காக முயன்றார்கள். நாற்பது தரத்துக்கு மேல் வாசித்தும் சரிவரவில்லை, கடைசியில் பகுதி பகுதியாகப் பதிந்து பொருத்தினார்கள். மூன்று பேருமே தங்களால் ஏலாத ஒன்றை எழுதிவிட்டு, அதை வாசிக்கப் பழகினவர்கள். ட்ரம்ஸ் வாசித்த நீல் பியர்ட் 2020-இல் காலமானபோது நான் வேலைக்குப் போகவில்லை.

என் முதலிடம் அதற்கு. இரண்டாவது சுல்தான்ஸ் ஒஃப் ஸ்விங்.

#16 மூன்றாம்தந்தி

மேப்பிள்இலை, சுல்தான்ஸைச் சொன்னதற்கு நன்றி, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே என்றிருந்தேன். நான் கிட்டார் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததே அந்தப் பாட்டால்தான்.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் மார்க் நாஃப்லர் அதை முதலில் உலோக உடல் கொண்ட நேஷனல் கிட்டாரில் எழுதினார். பாட்டு உயிரில்லாமல் இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1977-இல் முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி அதில் வாசித்ததும் பாட்டு உயிர் பெற்றுவிட்டது. அவர் பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) பிடிப்பதில்லை. கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும்தான். தந்தியைச் சதையால் கிள்ளி விடுவதால் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்திலும் ஒரு சின்ன ‘டொக்’ கேட்கும். நான் ஆறு மாதம் பிளெக்ட்ரத்தோடு போராடிவிட்டு, ஒருநாள் கோபத்தில் அதைத் தூக்கிப் போட்டு வெறும் விரலால் தொட்டபோதுதான் அந்த ஒலி வந்தது. பக்கத்து அறையிலிருந்து அம்மா, "இப்பத்தான் அந்தப் பாட்டு மாதிரி இருக்கு" என்றார்.

அதன் டெமோவை லண்டனில் பாத்வே என்ற சின்ன ஸ்டூடியோவில் 120 பவுண்டில் பதிவு செய்தார்கள். சார்லி ஜில்லெட் அதை பிபிசி ரேடியோ லண்டனில் போட்டார், அப்புறம்தான் நிறுவனங்கள் தேடி வந்தன. காலியாக இருக்கும் மதுக்கடையில், யாரும் கவனிக்காவிட்டாலும் மனம் நிறைந்து ஜாஸ் வாசிக்கும் சின்னக் குழுவைப் பற்றிய பாட்டு அது. அந்தக் குழுவை நாஃப்லர் கேலி செய்யவே இல்லை, அதனால்தான் எனக்கு அது இரண்டாம் இடத்திலிருந்து இறங்காது.

#17 தெற்குவாசல்

கம்ஃபர்டப்ளி நம் பற்றி யாராவது எழுதுங்களேன்.

#18 பேஸ்தாளம்

சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாவது சோலோவை பிங்க் ஃப்ளாய்டின் கிட்டார்க்காரர் கில்மோர் ஒரே முறையில் வாசிக்கவில்லை. ஐந்தாறு முறை தனித்தனியாக வாசித்தார். பிறகு உட்கார்ந்து கேட்டு, எந்த வரி எதில் நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறிச் சேர்த்தார். கேட்கும்போது ஒரே மனிதன் ஒரே மூச்சில் அழுததுபோல இருக்கிறது. அதுவும் தேய்ந்து மறைகிற பாட்டுதான், இன்னும் ஒரு நிமிடம் இருக்கக் கூடாதா என்று தோன்றும்.

ரூமர்ஸ் பற்றி முன்பு விட்டுப்போன ஒன்று. ஒரே டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டி ஓட்டி, அதில் டிரம்ஸின் கூர்மை தேய்ந்துபோய்விட்டது. அதிர்ஷ்டவசமாக, ஆரம்பத்தில் வாசித்த தாளப் பகுதிக்கு ஓட்டாத பிரதி ஒன்று இருந்தது. இரண்டு டேப்பையும் ஒரே நேரத்தில் ஓட்டி, ஒரு காதில் ஒன்று, மறுகாதில் மற்றொன்று என்று கேட்டுக்கொண்டே, வேகத்தைக் கையால் கூட்டிக் குறைத்துப் பாட்டு பாட்டாக இணைத்திருக்கிறார்கள். நாம் இன்று கேட்கும் மிக் ஃப்ளீட்வுட்டின் அடி, அந்தக் கைகளால் பிழைத்தது.

#19 மூன்றாம்தந்தி

நேற்று இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்டேன். ஹீரோஸ் முதலிடத்தில் இருக்கட்டும், அதை என்னால் நகர்த்த முடியவில்லை. சுல்தான்ஸ் அப்படியே இரண்டு. ஹோட்டல் கலிஃபோர்னியா மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டது. நான்காவது பிகாஸ் த நைட், நிலாமுற்றத்துக்கு நன்றி. பிறகு கம்ஃபர்டப்ளி நம், லண்டன் காலிங், தி செயின், மார்க்கீ மூன். ஒன்பதாவது லா வில்லா ஸ்ட்ராஞ்சியாட்டோ. பத்தாவதாகப் பாஸ்டனா, பிளிட்ஸ்க்ரீக் பாப்பா என்று முடிவு செய்ய முடியவில்லை. பாஸ்டனின் டாம் ஷோல்ஸ், போலராய்டு நிறுவனத்தில் பொறியாளராகப் பகலில் வேலை பார்த்துக்கொண்டே, தன் வீட்டு நிலவறையில் வருடக்கணக்காக உட்கார்ந்து கிட்டாரின் மேல் கிட்டாராக அடுக்கிய பாட்டு அது. ரமோன்ஸோ ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் முடித்தார்கள். இரண்டு பேரிடமும் எதையும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

#20 கறுப்புத்தட்டு

ரமோன்ஸ். யோசிக்கவே வேண்டாம்.

#21 நிலாமுற்றம்

பாஸ்டன். பிராட் டெல்ப் அந்த உச்சக் குரலில் ஏறும் இடத்துக்காகவே.

#22 ஒலிநாடா

தம்பி, நீங்கள் சொன்ன மார்க்கீ மூனை நான் இதுவரை கேட்டதே இல்லை. பேரன் போனில் தேடிப் போட்டுக் கொடுத்தான். இரண்டு கிட்டார் ஒன்றோடொன்று வழக்காடுகிற பாட்டு என்றால் எனக்குப் பிடிக்காமல் இருக்குமா? நடுவில் தனிக் கிட்டார் ஏணி மாதிரி ஏறிக்கொண்டே போய், உச்சியில் எல்லாம் உதிர்ந்து அமைதியாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறதே, அங்கே ஒருமுறை எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் எனக்கு ஒன்பது நிமிடம் 58 விநாடியில் தேய்ந்துவிட்டது. 10.40 வருகிற பதிவை எப்படித் தேட வேண்டும் என்று பேரனுக்குப் புரியும்படி எழுதிப் போடுங்கள்.

#23 மூன்றாம்தந்தி

இதோ தனிச்செய்தியில் அனுப்புகிறேன், ஐயா. ஆல்பம் பெயர், 2003 மறுவெளியீடு, இரண்டையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். பாட்டின் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.